அட்டை விலை

மேடவாக்கத்தில் ஒரு தமிழ்ப் புத்தகக் கடை திறந்திருக்கிறார்கள். பள்ளி நோட்டும் கோனார் உரையும் விற்றுக்கொண்டு, பின்பக்கம் நாலு நாவலை அடுக்கிவைக்கிற கடை இல்லை. உள்ளே புத்தகம் மட்டும்தான். மருந்துக் கடைக்கு மேல் மாடி, குறுகலான படி, ஏறிப்போனால் ஒரே அறை. நம் இதழை வடிவமைக்கும் நண்பர், கவிஞர் ஒருவர், அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கும் தோழி ஆகியோருடன் ஒரு ஞாயிறு மாலை போயிருந்தோம். கடை அடைக்கும் வரை யாருக்கும் கிளம்ப மனம் வரவில்லை.

முதலில் கவனத்தை ஈர்த்தது அடுக்கியிருந்த முறை. நம் புத்தகக் காட்சிகளில் அரங்கு என்றால் அது ஒரு பதிப்பகம். பல பதிப்பாளர்களிடம் சிதறிக் கிடக்கும் ஓர் எழுத்தாளரைச் சேர்த்துப் பார்க்க மைதானம் முழுக்க நடக்க வேண்டும். கடைகள் பலவற்றிலும் இதே பதிப்பக வரிசைதான். கணக்கு முடிக்க அது சுலபம். இங்கே எழுத்தாளர் பெயர் வரிசை. அசோகமித்திரனின் நாவல், சிறுகதை, கட்டுரை எல்லாம், யார் போட்டிருந்தாலும், ஒரே தட்டில் இருந்தன. கடைக்காரருக்கு இது கூடுதல் வேலை. வாசகரை மனத்தில் வைத்து அந்த வேலையை இவர் ஏற்றிருக்கிறார்.

கவிதைக்கு இன்னும் அக்கறை காட்டியிருக்கிறார். அறுபது எழுபது பக்கத் தொகுப்புக்கு முதுகு என்று ஒன்று இருக்காது. அடுக்கில் செருகினால் பெயர் தெரியாமல் காணாமல் போய்விடும். நடுவில் பின்னடித்த சிற்றிதழின் கதி இதைவிட மோசம். இங்கே கவிதை நூல்கள் அட்டை தெரியும்படி சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. சிற்றிதழ்களுக்குச் சுவரில் கம்பி கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார். எங்கள் கவிஞர் அந்தச் சுவரைவிட்டு நகரவே இல்லை. அச்சில் நின்றுவிட்டது என்று நினைத்திருந்த ஓர் இதழின் புதுப் பிரதி அவருக்கு அங்கே கிடைத்தது.

கடை நடத்தும் பெண், பல ஆண்டுகள் புத்தகக் காட்சிகளில் பதிப்பக அரங்குகளில் பில் போட்டவர். பேச்சு நேராக விஷயத்துக்கு வந்தது. “சார், உங்க இதழ் இருபது காப்பி கொடுங்க. வித்ததுக்கு மாசக் கடைசியில கணக்கு முடிச்சுடறேன். மிச்சத்தை நீங்க திரும்ப எடுத்துக்கணும், அதுக்குச் சம்மதமா?” சிற்றிதழ் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். விற்ற காசு வராமல் நிலுவை ஏறி நின்றுபோன இதழ்கள் தமிழில் எத்தனையோ.

சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் தொடங்கியது. தமிழ் வாசிப்புக்கு அது செய்திருக்கும் நன்மை பெரிது. ஆனால் அதைச் சுற்றியே நம் வாங்கும் பழக்கம் அமைந்துவிட்டது. பொங்கலை ஒட்டி ஒருமுறை, பத்து விழுக்காடு கழிவில், பை நிறைய வாங்குகிறோம். மற்ற மாதங்களில் பதிப்பாளரும் காத்திருக்கிறார், வாசகரும் காத்திருக்கிறார். முதல் தொகுப்பு வெளியிட்ட இளைஞரின் புத்தகம் ஜனவரிக் கூட்டத்தில் தவறிவிட்டால் அடுத்த ஜனவரி வரை அதை எடுத்துப் புரட்ட ஓர் இடமில்லை. தெரிந்த பெயரை இணையத்தில் தேடி வாங்கலாம். தெரியாத பெயரைக் கையில் எடுத்து, இரண்டு பக்கம் நின்றுகொண்டே படித்து, அப்புறம் வாங்க, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை வேண்டும்.

அந்தக் கடை பிழைக்கும் கணக்கைப் பாருங்கள். 200 ரூபாய்ப் புத்தகத்துக்குப் பதிப்பாளர் 35 விழுக்காடு கழிவு தந்தால் கடைக்கு 70 ரூபாய். வாசகர் பத்து விழுக்காடு கேட்டு வாங்கிக்கொண்டால் மிச்சம் 50. வாடகை 15,000 என்று வைத்துக்கொண்டால், மாதம் 300 புத்தகம், அதாவது நாளொன்றுக்குப் பத்து விற்றால் வாடகை தேறும். மின்கட்டணமும் அவருடைய சாப்பாடும் அதற்குப் பிறகுதான்.

இந்த நிலையில் பதிப்பாளர்கள் சிலர் புது நூலை முன்வெளியீட்டுத் திட்டம் என்ற பெயரில் 30 விழுக்காடு தள்ளுபடியில் நேரடியாக வாசகருக்கே விற்கிறார்கள். அவர்கள் கைக்கு உடனே பணம் வருகிறது. நெருக்கடி நமக்குப் புரிகிறது. ஆனால் கடைக்குக் கொடுக்கும் கழிவை வாசகருக்கே கொடுத்துவிட்டால் கடை எதற்கு? இது தவறு என்றே சொல்வோம். பிரான்ஸில் 1981இல் சட்டமே இயற்றினார்கள்: பதிப்பாளர் குறித்த விலையில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் எந்தக் கடையும் குறைக்கக் கூடாது. சிறு கடைகளைக் காப்பதே அதன் நோக்கம். இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புது நூல் வந்த முதல் ஆறு மாதமாவது எல்லா இடத்திலும் ஒரே விலை என்று பதிப்பாளர்கள் தமக்குள் பேசி முடிவெடுக்கலாம்.

சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ தொடங்கியபோது சந்தாதாரர்களை நம்பினார்; புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அவருக்குப் பின் வந்த சிற்றிதழ்களுக்கெல்லாம் தபால்தான் கைகொடுத்தது. அந்த வழியும் இப்போது குறுகிவருகிறது. 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சல் நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் வந்த ‘ஞான் போஸ்ட்’ சேவையில் நூல்கள் போகலாம். குறித்த இடைவெளியில் வெளிவரும் இதழ்களுக்கு அதில் இடமில்லை. அக்கம்பக்கத்துக் கடை நமக்கு முன்னைவிட அவசியமாகியிருக்கிறது.

எங்கள் ஆசிரியத் தோழி ஐம்பது ரூபாய்க்கு உட்பட்ட சிறுவர் நூல்களைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய மாணவர்கள் புத்தகக் காட்சிக்கு வருடம் ஒருமுறை பேருந்தில் போகிறார்கள். கையில் ஐம்பது ரூபாய் இருக்கும். விலையைப் பார்த்துப் பார்த்துத் திரும்பிவருவார்கள். அந்த விலைக்குள் அடங்கும் நூல்களுக்கென்று கீழ்த்தட்டு ஒன்றை, பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில், ஒதுக்க முடியுமா என்று கேட்டார். கடைக்காரர் அப்போதே ஒரு தட்டைக் காலி செய்யத் தொடங்கிவிட்டார்.

அடுத்த இதழிலிருந்து இருபது பிரதிகள் அங்கே இருக்கும். மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி வாசகர்கள் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். பிற ஊர்களில் இப்படியொரு கடை திறந்திருந்தால் எங்களுக்கு எழுதுங்கள், அங்கும் பிரதி அனுப்புவோம். கடைக்குப் போகும்போது ஒரு புத்தகமாவது வாங்குங்கள். அட்டை விலையைக் கொடுத்து வாங்குங்கள். கழிவு கேட்காதீர்கள்.