சுவர் தாண்டும் கல்வி

வாலிபர் சுவரேறிக் குதிப்பதைப் போக்கிரித்தனம் என்பார் பலர். தக்க ஆசிரியரிடம் பயின்றால் அஃது ஓர் உயர்ந்த தேகாப்பியாசமே என்பது நமது துணிபு. ஓடுதல், ஏறுதல், தாண்டுதல் முதலிய இயற்கைச் செயல்களைக் கொண்டு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியாகிய ஜார்ஜ் எபேர் ஒரு பயிற்சிமுறை வகுத்தார். உடல்வலிமை பிறர்க்குப் பயன்படுதற்கே என்பது அவர் கொள்கை. அதன் வழிவந்ததே பார்க்கூர். பாரிஸ் நகருக்குத் தெற்கேயுள்ள லிஸ் என்னும் சிற்றூரில் டேவிட் பெல் முதலிய வாலிபர் சென்ற நூற்றாண்டின் இறுதியில் இதனை வளர்த்தனர். 2017-இல் பிரிட்டன் இதனை விளையாட்டாக அங்கீகரித்தது.

கை கால் முறியுமேயென்று பெற்றோர் அஞ்சுவது இயல்பே. ஆயினும் நல்லாசிரியர் முதலிற் கற்பிப்பது தாண்டுதலன்று; ஓசையின்றித் தரையிறங்குதலும், விழுங்கால் தோள்வழி உருளுதலுமேயாம். முழங்காலளவில் தேறிய பின்னரே மாணாக்கன் மார்பளவுச் சுவரை அணுகுவான். இயலாததை இயலாதென்று உணர்ந்து பின்வாங்கவும் அங்கே கற்கிறான். மட்டையும் பந்தும் வாங்கப் பொருளில்லாத பிள்ளைக்கும் இவ்வகுப்பில் குறையொன்றுமில்லை.

தடுத்தால் வாலிபர் தாண்டுதலை விடார். ஆசிரியரில்லாத இடஞ்சென்று தாண்டுவர். ஆதலின் நகரசபையார் தடைப்பலகை நாட்டுவதை விடுத்து, ஊர்தோறும் ஒரு திடலும் தேர்ந்த ஆசிரியர் ஒருவரும் அளிப்பாராக.