தொழில் எந்த ஜீனில் இருக்கிறது?

எங்கள் குடியிருப்பில் நடத்தும் மாலை நேர வகுப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மரபியல் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவன் கேட்டான்: "அண்ணா, தாத்தா, அப்பா ரெண்டு பேருக்கும் துப்புரவு வேலை. எனக்குக் கணக்கு வராததும் பரம்பரைதான்னு சொல்றாங்க. நெசமா?" அப்படிச் சொன்னவர் படித்தவர் என்பதுதான் நமக்கு வேதனை.

பதில் அவன் கையிலிருந்த பாடத்திலேயே இருக்கிறது. இன்றைய செக் நாட்டில் துறவியாக வாழ்ந்த கிரிகர் மெண்டல், 1856 முதல் பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறை முழுவதும் நெட்டை. அடுத்த தலைமுறையில் 787 நெட்டை, 277 குட்டை. குட்டைக்கான காரணி அழியவில்லை; ஒடுங்கிக் கிடந்து மீண்டும் வெளிப்பட்டது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று எனக் காரணிகள் இரண்டிரண்டாக வருகின்றன.

மனிதருக்கும் இதுவே விதி. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் 1952இல் கண்டறியப்பட்ட அரிவாள் செல் நோயைப் பாருங்கள். தாயும் தந்தையும் நோயின்றி அந்தக் காரணியை மட்டும் சுமந்தால், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அதே நோய் ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் இருக்கிறது. மலேரியா மிகுந்த நிலங்களில் நிலைத்த காரணி அது. சாதி பார்த்து வந்ததல்ல.

ரத்த வகை பரம்பரையாக வரும். இன்ன வேலைதான் செய்ய வேண்டும் என்று சொல்லும் ஜீன் கிடையாது. அப்பாவின் உள்ளங்கைக் காய்ப்பு மகனுக்குப் பிறப்பில் வருவதில்லை. துடைப்பம் மட்டும் வருகிறது என்றால், அதைக் கையில் கொடுத்தது யார்? ஊர்தானே! பஞ்சாப் பிராமணரும் பஞ்சாப் சமாரும் ஒரே இனவழியினர், சென்னை மாகாணத்துப் பிராமணரும் பறையரும் அப்படியே என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதிவிட்டார்.

நெட்டை விதையைக் கட்டாந்தரையில் போட்டுத் தண்ணீர் காட்டாவிட்டால் செடி குன்றித்தான் நிற்கும். அந்தக் குறை விதையில் இல்லை. விடியற்காலையில் அப்பாவுக்குத் துணையாக வேலைக்குப் போய்விட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்ப்பவர்கள், அவன் நிற்கும் மண்ணையும் பார்க்க வேண்டும்.

அந்த மாணவனிடம் 787ஐ 277ஆல் வகுக்கச் சொன்னோம். நிதானமாக வகுத்து 2.84 என்று எழுதினான். "கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று" என்று அவனே சொன்னான். கணக்கு அவனுக்கு வருகிறது. சொல்லித்தர ஆள்தான் வேண்டும்.

மரபியல் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் நாம் கேட்பது ஒன்றே. பட்டாணிக் கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள். சாதியும் தொழிலும் பிறப்பில் வருபவை அல்ல என்பதையும் அதே வகுப்பில், எல்லாப் பிள்ளைகளும் கேட்கச் சொல்லுங்கள்.