தகவல் நிலையங்களும் முதலிடுவோரும்

மில்லர்புரத்திலிருந்து, உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்ற நேயர் ஒருவர் நமக்கு ஒரு கேள்வி விடுத்திருக்கிறார். டேட்டா சென்டர் எனப்படும் தகவல் நிலையங்களைக் காட்டித் தரகர்கள் பங்கும் விற்கிறார்கள், நிலமும் விற்கிறார்கள். நம்பிப் பணம் போடலாமா என்பது அவர் கேள்வி. இது அவர் ஒருவருடைய கவலை மாத்திரம் அன்று.

2025 அக்டோபரில் கூகிள் கம்பெனியார் விசாகப்பட்டினத்தில் ஐந்து ஆண்டுகளில் 1,500 கோடி டாலர் முதலிடப்போவதாக அறிவித்தனர். அது முதல் கடற்கரைப் பட்டினங்களில் எல்லாம் ஆசை முளைத்திருக்கிறது. நமது மாகாணத்தில் சென்னைதான் இத்தொழிலின் தலைமையிடம். 2002-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த கடலடிக் கம்பி அங்கே கரையேறிற்று. பின்னும் பல கம்பிகள் வந்தன. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் நிலையங்கள் எழுந்தன. பணப்பட்டுவாடா சம்பந்தமான தகவல்களை இந்தியாவிலேயே வைத்திருக்க வேண்டுமென்று 2018-ல் ரிசர்வ் பாங்கு உத்தரவிட்டது. 2021-ல் தமிழ்நாடு சர்க்கார் இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டனர். ஆகவே தொழில் வளரும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அவ்வளர்ச்சியின் லாபம் யார் கைக்குப் போய்ச் சேரும் என்பதே கேள்வி.

தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சிப்பிகளைத் திறவாமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து உண்டா இல்லையா என்பது ஏலமெடுத்தவன் தலையெழுத்து. சர்க்காருக்கோ ஏலப்பணம் நிச்சயம். 1961-உடன் அந்தக் குளிப்பு நின்றது. ஏலம் நிற்கவில்லை என்றே தோன்றுகிறது. நிலம் விற்றவரும், யந்திரம் விற்றவரும், மின்சாரச் சாதனம் விற்றவரும் முன்கூட்டியே பணம் பெற்றுக்கொள்கிறார்கள். திறவாத சிப்பி பங்குதாரருக்கு.

இது வீண் பயம் என்பார் கடலடிக் கம்பிகளின் கதையைப் பார்க்கட்டும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அளவுக்கு மீறிக் கம்பி போட்ட குளோபல் கிராசிங், பிளாக் ஆகிய கம்பெனிகள் 2002-ல் திவாலாயின. டைக்கோ கம்பெனியார் 200 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு அமைத்த உலகக் கம்பி வலையை, 2004-ல் டாட்டா குழுவைச் சேர்ந்த வி.எஸ்.என்.எல். வெறும் 13 கோடி டாலருக்குப் பேசி முடித்தது. தொழில் அழியவில்லை, அந்தக் கம்பிகளில் இன்றும் செய்தி ஓடுகிறது. முதலில் பணம் போட்டவர்தாம் அழிந்தார்.

பங்கு வாங்குவோர் கம்பெனியின் அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது வாடகைதாரர் யார், எத்தனை ஆண்டுக்கு ஒப்பந்தம் என்பதை. கட்டிடம் முப்பது ஆண்டு நிற்கலாம். உள்ளிருக்கும் கணிப்பொறி சில ஆண்டுகளில் பழசாகிவிடும். அதை மாற்றும் செலவு கம்பெனியின் தலையிலா, வாடகைதாரர் தலையிலா? அடுத்தது மின்சாரம். அயர்லாந்தில் 2023-ல் மின்சாரச் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்நிலையங்களே விழுங்கின; டப்ளின் வட்டாரத்தில் புதிய நிலையங்களுக்கு மின் இணைப்புக் கிடைப்பதே அரிதாயிற்று. இணைப்பு இல்லாத நிலையம் வெறுங் கட்டிடம்.

தூத்துக்குடிக்கு யோக்கியதை இல்லை என்று நாம் சொல்லவில்லை. இங்கிருந்து இலங்கையின் கல்கிசைக்கு 2006-ல் போடப்பட்ட கடலடிக் கம்பி இருக்கிறது. கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகள் இருக்கின்றன. ஆனால் ஆடிக் காற்று கார்த்திகையில் வீசாது. தகவல் நிலையமோ ஒரு நிமிஷமும் கண் மூடாது. கொழும்புக்குப் போகும் ஒரு கம்பி, சென்னையின் பல கம்பிகளுக்கு ஈடாகாது. இவற்றுக்கு வழி பிறக்குமுன், வரப்போகும் நிலையத்தின் பெயரால் உப்பளத்தை ஒட்டி மனை வாங்குவது சூதாட்டமே. ஓய்வுக்காலப் பணத்தை அதில் முடக்குவது தகாது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

தண்ணீரின் கதை வேறு. யந்திரங்களின் சூட்டைத் தணிக்கப் பல நிலையங்கள் ஏராளமாகத் தண்ணீர் செலவிடுகின்றன. தண்ணீர் குறைவாகச் செலவாகும் முறையைக் கைக்கொண்டால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகிறது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் போவதைக் கண்டு தாமிரபருணி விவசாயிகள் எத்தனை முறை கொதித்திருக்கிறார்கள் என்பது இவ்வூர் அறிந்தது. விவசாயி எதிர்க்கும் ஆலையில் பங்குதாரருக்கும் நிம்மதி இராது. ஆதலின் இக்கரையில் எந்தக் கம்பெனிக்கேனும் நிலம் கொடுப்பதாயின், அது கடல்நீரைச் சுத்திகரித்துக்கொள்ளுமா, ஆற்றில் கை வைக்குமா என்பதை, கையெழுத்தாகுமுன்பே சர்க்கார் ஒப்பந்த நகலோடு பிரசுரிக்க வேண்டும்.