நோகாத புண்ணே பொல்லாத புண்

“நோகேல்லை சுவாமி, அதாலை கவனிக்கேல்லை.”

சில ஆண்டுகளுக்கு முன்னர் நலன்புரி நிலையமொன்றில், ஐம்பது வயது கடந்த விவசாயி ஒருவர் எம்மிடம் சொன்ன வார்த்தைகள் இவை. அவருக்குப் பத்து ஆண்டுகளாகச் சலரோகம். செருப்பைத் துளைத்து ஏறிய ஆணியொன்று சில நாட்கள் பாதத்திலேயே இருந்திருக்கிறது. அவர் அதை உணரவில்லை. நாற்றம் எடுத்த பின்னரே மருமகள் கண்டுபிடித்தார். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த மாதத்தில் நாம் இரு தடவைகள் அவரது கொட்டிலுக்குச் சென்றிருந்தோம். தேநீர் குடித்தோம். விதைநெல், நீர் இறைக்கும் இயந்திரம், காணி எப்போது கிடைக்கும் என்றெல்லாம் பேசினோம். அவருடைய காலை நாம் பார்க்கவில்லை. பின்னர் காணி கிடைத்தது. மண்வெட்டி பிடித்து ஊன்றி நிற்க அவரிடம் இரண்டு கால்கள் இருக்கவில்லை. அந்த உறுத்தலே இதை எழுத வைக்கிறது.

நோ என்பது வீட்டுக் காவல் நாயைப் போன்றது. அது குரைத்தால்தான் நாம் எழும்புவோம். இரத்தத்தில் சீனி நெடுங்காலம் கூடியிருந்தால் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கின்றன, நாய் குரைப்பதில்லை. காலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களும் ஒடுங்குகின்றன, புண் ஆறுவதில்லை. சுருட்டும் பீடியும் இந்த ஒடுக்கத்தை மேலும் கூட்டுகின்றன. ஆகவே, “நோகவில்லை, பிறகு பார்ப்போம்” என்பது சலரோகக்காரர் சொல்லக்கூடாத வார்த்தை.

இடம்பெயர்ந்தோருக்கு இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு நடந்தபோதும், 2009 இல் வன்னியில் இடத்துக்கு இடம் ஓடியபோதும் கிளினிக் கொப்பியைப் பத்திரப்படுத்த எத்தனை பேரால் முடிந்தது? மருந்து இடையில் நின்றது. கொப்பி இல்லையே என்ற தயக்கத்தில் கிளினிக்குக்குப் போகாமலே இருந்தவர்களை நாம் அறிவோம். கொப்பி தொலைந்தால் புதிதாகப் போடலாம், கால் அப்படியல்ல.

எமது கருத்து இதுதான்: சீனியை அளப்பதுடன் சலரோகப் பராமரிப்பு முடிந்துவிடக்கூடாது. ஆண்டுக்கு ஒரு தடவையாவது கிளினிக்கில் இரு பாதங்களும் பரிசோதிக்கப்பட வேண்டும். உணர்வு குறைந்தவர்களுக்கும் முன்னர் புண் வந்தவர்களுக்கும் இன்னும் அடிக்கடி வேண்டும். கூட்டம் நிறைந்த கிளினிக்கில் வைத்தியருக்கு நேரம் போதாதிருக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு, “காலையும் ஒருக்கால் பாருங்கோ” என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.

வீட்டிலும் ஒரு சோதனை செய்யலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர வைத்தியர்கள் 2011 இல் வெளியிட்ட எளிய முறை இது. நோயாளி கண்களை மூடியிருக்க, இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகியவற்றின் நுனியைச் சுட்டுவிரலால் 1 அல்லது 2 விநாடி மெதுவாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ வேண்டாம். இந்த 6 இடங்களில் 2 அல்லது அதற்கு மேற்பட்டவற்றை அவர் உணராவிட்டால், பாத உணர்வு குறைந்துள்ளது என்று கொண்டு வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஒவ்வொரு மாலையும் கால் கழுவியபின் விரல் இடுக்குகளைத் துடைத்து, உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர் கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பார்க்கலாம். பார்வை குறைந்தவருக்குப் பேரப்பிள்ளை பார்க்கட்டும். வெடித்த குதிக்காலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாம், விரல் இடுக்கில் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள். கால் ஆணியைப் பிளேட்டால் சீவாதீர்கள். சுடுநீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். உணர்வற்ற கால் வெந்தாலும் தெரியாது. செருப்பைப் போடுமுன் உதறி, உள்ளே கையால் தடவிப் பாருங்கள்.

வயற்சேற்றில் செருப்பு நிற்காது என்பதை நாம் அறிவோம். அப்படியானால் வரம்பில் ஏறியவுடன் கழுவிப் பாருங்கள். உணர்வு குறைந்தவரும் புண் உள்ளவரும் சேற்று வேலையை வேறொருவரிடம் விட்டு, அவருக்காக வேறு வேலை செய்து கொடுக்கலாம்.

புண்ணோ கொப்புளமோ கண்டால் சுத்தமான நீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அந்தக் காலை ஊன்றாமல் இருங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசி நாள் கடத்தாமல் மறுநாளே வைத்தியசாலைக்குப் போங்கள். சிவப்பு பரவுதல், சீழ், நாற்றம், காய்ச்சல், தோல் கறுத்தல், பாதம் குளிர்ந்து வெளிறுதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே, இரவானாலும் போக வேண்டும். காயமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாகிச் சிவந்து வீங்கினாலும் அப்படித்தான். உள்ளே எலும்பு நொறுங்கிக் கொண்டிருக்கலாம். நடக்காமல் வாகனத்தில் போங்கள். சத்திரசிகிச்சைப் பிரிவுள்ள பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினால், “அங்கே போனால் காலை வெட்டிப்போடுவார்கள்” என்று அஞ்சி வீடு திரும்பாதீர்கள். பலருடைய கால் போவது அங்கே போனதால் அல்ல, பிந்திப் போனதால்தான்.

கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும் எமக்கும் இதில் வேலை உண்டு. கிளினிக் நாளில் கூட்டம் வைக்காதிருப்போம். அவசரத்துக்கு யாருடைய வாகனம் வரும் என்பதை முன்கூட்டியே பேசி வைப்போம். கிணறுகளையும் விதைமூடைகளையும் கணக்கெடுக்கும் நாம், வீடுகளுக்குப் போகும்போது, “கால் எப்படி இருக்கு?” என்று கேட்பதோடு நிற்காமல் குனிந்து பார்ப்போம். அந்த விவசாயியின் கொட்டிலில் நாம் செய்யத் தவறியது அவ்வளவுதான்.