களைப்புக்கும் ஒரு கணக்கு உண்டு

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களுக்கு அடியில் நடந்தவர்கள் அங்குள்ள உழைப்பின் இயல்பை அறிவர். கவாத்து செய்வதாயினும், கனிந்த கொத்துகளைக் கத்தரிப்பதாயினும் கைகள் தலைக்கு மேலேயே இருத்தல் வேண்டும். 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையின் இனிப்புக்குப் பின்னால் இவ்வாறு உயர்ந்த கைகள் உள்ளன. அக்கைகள் சற்றே தாழும்போது ‘சோம்பல்’ என்று சொல்லிவிடுவோர் உண்டு. அச்சொல் பிழையானது என்பதே என் கருத்து.

தசையினுள் நிகழ்வதைக் காண்போம். மையோசின் புரதத்தின் தலைப்பகுதிகள் ஆக்டின் இழையைப் பற்றி இழுக்கின்றன, பின் விடுகின்றன, மீண்டும் பற்றுகின்றன. ஒவ்வொரு சுழற்சிக்கும் ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவாகிறது. கையை அசைக்காமல் உயர்த்தியே வைத்திருந்தாலும் இச்செலவு நிற்பதில்லை. இறுகிய தசை தன்னுள் ஓடும் இரத்தக் குழாய்களை நெருக்குவதால் ஆக்சிஜன் வரத்தும் குறைகிறது. கனிம பாஸ்பேட் சேர்கிறது. தலைப்பகுதிகளின் இழுவிசை தளர்கிறது. தசைச்சோர்வின் முதன்மைக் காரணங்களுள் இதுவும் ஒன்று.

1957இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி இந்நிகழ்வைச் சமன்பாடாக்கினார். பற்றியுள்ள தலைப்பகுதிகளின் பங்கு மாறும் வீதம், புதிதாகப் பற்றும் வீதத்திலிருந்து விடுபடும் வீதத்தைக் கழிக்கக் கிடைக்கும். நீங்கள் இவ்வாண்டு கற்கும் வகைக்கெழுவே இங்குப் பயன்படுகிறது. அவர் கணக்கில் சோர்வு இடம்பெறவில்லை. பின்வந்தோர் பாஸ்பேட்டின் அளவையும் சேர்த்துச் சோர்வைக் கணிக்க முயன்றனர்.

வெயிலையும் வயதையும் வீட்டுக் கவலையையும் சமன்பாட்டில் அடக்க இயலுமா எனச் சிலர் வினவலாம். முழுமையாக இயலாது; எனினும் ஓர் உண்மையை அது ஐயமின்றிக் காட்டுகிறது. மன உறுதியால் மட்டும் மூலக்கூறுகளை ஏவ முடியாது. கைகளைத் தாழ்த்தினால் இரத்த ஓட்டம் மீள்கிறது. சேர்ந்த பாஸ்பேட்டின் பெரும்பகுதி சில நிமிடங்களிலேயே குறைகிறது. ஆகவே, களைத்துச் சாய்ந்தபின் தரும் நீண்ட ஓய்வினும், இடையிடையே தரும் சிறு ஓய்வு மேலானது.

அந்தச் சில நிமிடங்களையும் உழைப்பு நேரமாகவே கருதிக் கூலி கணக்கிடுதல் வேண்டும். அதனைக் கேட்கும் தொழிலாளியிடம் சொற்கள் மட்டுமே உள்ளன. வகைக்கெழு கற்ற நீங்கள் அவர் பக்கம் நின்று, சான்றோடு பேசலாம்.