மன்றமா? வெறுங்கட்டடமா?



சென்னை நடுவண் தொடர்வண்டி நிலையத்திற்கு அருகே வெண்ணிறத்தில் நெடிதுயர்ந்து நிற்கும் இரிப்பன் கட்டடத்தைக் காணாதார் சிலரே. 1913-இல் திறக்கப்பெற்ற அது, ஊராட்சியை ஊரார் கையிலேயே ஒப்படைக்க வேண்டும் என 1882-இல் முடிவு வகுத்த ஆங்கிலத் தலைமை ஆளுநர் இரிப்பனின் பெயர் தாங்கியது. அங்கு அமர்ந்திருக்கும் மாநகராட்சியோ 1688-இல் தோன்றியது.

இப்பழமையைப் பறையறைந்து மகிழ்வாரை ஒன்று கேட்கின்றோம். மன்றம் என்பது யாது? மக்கள் கூடி, முறையிட்டு, வினவி, முடிவு காணும் இடமன்றோ மன்றம்? கூடுவாரும் வினவுவாரும் இல்லையெனின் அது வெறுஞ் செங்கல்லும் சுண்ணமுமே!

2016 அக்தோபரில் சென்னை மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்ததோ 2022 பிப்பிரவரியில்! காலம் முடியுமுன்னரே தேர்தல் நடந்தாக வேண்டும் என்பது 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆம் அரசமைப்புத் திருத்தத்தின் கட்டளை. வழக்கு என்றனர், வட்ட எல்லை வரையறை என்றனர், ஐந்தாண்டுக்கு மேல் அலுவலரே ஆண்டனர். 2020-இல் கொள்ளைநோய் வந்தது. 2021 நவம்பரில் தெருக்கள் பல வெள்ளக்காடாயின. ‘எம் தெருவில் நீர் ஏன் வடியவில்லை?’ என்று மன்றத்தில் எழுந்து கேட்க உறுப்பினர் ஒருவரேனும் இருந்தாரா? இல்லை. வரி மட்டும் தண்டப்பட்டது!

2022 நவம்பர் முதல், வட்டத்தைப் பகுதிகளாக்கி மக்களைக் கூட்டிக் குறைகேட்கும் முறை வந்தது. நன்று, வரவேற்கின்றோம். ஆயின் அதற்கு இட்ட பெயர் என்ன? ‘பகுதி சபை’யாம், ‘ஏரியா சபா’வாம்! மன்றம், அவை எனும் சொற்கள் நம் வீட்டிலேயே இருக்க, இரவல் உடை எதற்கு? பெயர் அயல், ஒப்பந்த ஏடும் வரைபடமும் ஆங்கிலம் என்றால், குடத்தோடு குழாயடியில் நிற்கும் தாய் அதனைத் தன் மன்றம் என எங்ஙனம் உணர்வாள்? புரியாத கணக்கை அவள் எங்ஙனம் தட்டிக் கேட்பாள்? மொழியை மறைப்பது கணக்கை மறைப்பதற்கு முதற்படி!

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றத்திற்கு 2027 மார்ச்சோடு ஐந்தாண்டு நிறைகின்றது. மீண்டும் ஒருமுறை ஏமாறலாமா? உரிய காலத்தில் தேர்தல் வேண்டும்! பகுதிதோறும் மன்றம் கூடும் நாள் தெருத்தெருவாக முன்னரே அறிவிக்கப்பெறல் வேண்டும்! வரவும் செலவும் அங்கே தூய தமிழில் படிக்கப்பெறல் வேண்டும்!

இவற்றைக் கெஞ்சிக் கேளாதீர், உரிமையோடு கேளுங்கள். மன்றம் நமது, அதன் மொழியும் நமதே!