வீட்டு வண்டிக்குத் தோட்டத்தில் இடம் கொடுக்கலாமா?

கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையை அறிவித்தது. அதிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு, தென்காசி, பொள்ளாச்சிப் பகுதிகளில் சாலையை ஒட்டி நிலம் வைத்திருக்கும் விவசாயிகள் சிலர் என்னைச் சந்திக்கும்போது ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். "ரோட்டோரமாக அரை ஏக்கர் கிடக்கிறது. கேரவன் நிறுத்த இடம் போட்டால் வருமானம் வருமா? பேங்கில் கடன் கேட்கலாமா?" என்கின்றனர்.

இடம் கொடுக்கலாம், கடன் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சிறு விவசாயிக்கு ஆபத்து வருகிறது. ஆகவே, இந்தத் தொழில் பல ஆண்டுகளாக நடந்துவரும் நாடுகளில் விவசாயிகள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு நம் விஷயத்துக்கு வரலாம்.

கேரவன் என்றதும் நம் ஊரில் சினிமா நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்ளும் பெரிய வண்டிதான் நினைவுக்கு வரும். நாம் இங்கே பேசுவது குடும்பம் தானே ஓட்டிச் செல்லும் வீட்டு வண்டியைப் பற்றி. வேன் அளவிலான ஒரு வண்டிக்குள் படுக்கை, அடுப்பு, சிறு குளிர்பதனப் பெட்டி, கழிப்பிடம் எல்லாம் அடங்கியிருக்கும். ஐரோப்பாவில் ஓடும் பெரும்பாலான வண்டிகள் 6 முதல் 7 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் இருக்கும். சாதாரண கார் உரிமம் வைத்திருப்பவர் ஓட்டக்கூடிய எடை அங்கே பொதுவாக மூன்றரை டன் என்பதால், பல வண்டிகள் அந்த எடைக்குள் அடங்குமாறு செய்யப்படுகின்றன. வண்டியின் அடியில் உத்தேசமாக 100 லிட்டர் நல்ல தண்ணீர்த் தொட்டி ஒன்றும், குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் சேரும் தொட்டி ஒன்றும் உண்டு. மலஜலம் 20 லிட்டர் அளவுள்ள ஒரு பெட்டியில் சேரும். அந்தப் பெட்டியைத் தனியே கழற்றி எடுத்துக் கொட்டலாம்.

இப்படிப்பட்ட வண்டியில் வருபவருக்கு இரண்டு தேவைகள் உள்ளன. ஒன்று, இரவில் பயமின்றிப் படுக்க ஓர் இடம். இரண்டாவது, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் பிடிக்கவும் கழிவைக் கொட்டவும் ஒரு வசதி. இவை வெவ்வேறு தேவைகள் என்பதை விவசாயி மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் முதலாவது சிறு விவசாயியால் காசு செலவில்லாமல் கொடுக்கக்கூடியது. இரண்டாவதில் கை வைத்தால் நிலமும் கிணறும் கெடும்.

பிரான்சு நாட்டில் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. 'பிரான்சு பாசியோன்' என்ற அமைப்பு 1990களிலிருந்து அங்கே திராட்சை விவசாயிகளையும், பாலாடைக்கட்டி செய்பவர்களையும், தேனீ, வாத்து வளர்ப்பவர்களையும் வீட்டு வண்டிக்காரர்களோடு இணைத்து வருகிறது. பயணி அந்த அமைப்புக்கு ஆண்டுச் சந்தா கட்டி, வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் வில்லையும் விவசாயிகளின் பட்டியலும் பெறுகிறார். விவசாயி தன் பண்ணையில் ஓர் இரவு நிறுத்த இடம் தருகிறார். அதற்கு அவர் வாடகை வாங்குவதில்லை. மின்சாரம், கழிப்பிடம் எதுவும் தர வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. எல்லா வசதியும் தன்னுள்ளேயே கொண்ட வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. பயணி வந்தவுடன் வீட்டாரைப் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும். புறப்படும்போது சொல்லிக்கொண்டு போக வேண்டும். பொருள் வாங்கியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது.

வாடகை இல்லை, நிபந்தனையும் இல்லை என்றால் விவசாயிக்கு என்ன லாபம் என்று நீங்கள் கேட்பீர்கள். மாலை ஆறு மணிக்கு வந்து காலை எட்டு மணிக்குக் கிளம்பும் ஒருவர், விளைந்த இடத்தைப் பார்த்து, விளைவித்தவரோடு பேசி, ருசி பார்த்துவிட்டுப் பெரும்பாலும் வெறுங்கையோடு போவதில்லை. விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோகும் வண்டிக் கூலி, தரகு, எடைக் குறைவு ஏதுமில்லாமல் பொருள் வாசலிலேயே விலை போகிறது. அமெரிக்காவில் 2009இல் தொடங்கிய 'ஆர்வெஸ்ட் ஓஸ்ட்ஸ்' என்ற அமைப்பும் இதே அடிப்படையில்தான் நடக்கிறது. அங்கே ஏதாவது ஒன்று வாங்குவது மரியாதை என்று பயணிகளிடம் சொல்லியே அனுப்புகிறார்கள். செருமனியில் 2014 முதல் இதுபோன்ற ஏற்பாடு உள்ளது.

கழிவு கொட்டும் வசதி? பிரான்சில் அதைப் பெரும்பாலும் ஊராட்சிகள் கவனித்துக்கொள்கின்றன. ஊரின் ஓரத்தில், பொதுச் சாக்கடையோடு இணைத்து, ஒரு சிமெண்டுத் தளமும் குழாயும் வைத்திருப்பார்கள். பல ஊர்களில் தண்ணீருக்கு ஒரு டோக்கன் போட வேண்டும். அந்த டோக்கன் பக்கத்து ரொட்டிக் கடையிலோ சுற்றுலா அலுவலகத்திலோ விற்கும். ரொட்டிக் கடையில் டோக்கன் வாங்கப் போனவர் ரொட்டியும் வாங்குவார் என்பது அந்த ஊர்க்காரர்களின் கணக்கு. கெட்டிக்காரத்தனமான கணக்குத்தான்.

இனி இங்கிலாந்தைப் பார்ப்போம். அங்கே 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கேரவன் இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று விதித்தது. ஆனால் அதே சட்டம், அங்கீகாரம் பெற்ற கேரவன் சங்கங்களின் சான்றிதழ் உள்ள சிறு இடங்களுக்கு விலக்கு அளித்தது. அத்தகைய இடத்தில் ஒரே சமயத்தில் 5 வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. இதனால் ஒரு புல்வெளி, ஒரு தண்ணீர்க் குழாய், கழிவு கொட்ட ஓர் இடம் என்ற அளவிலேயே ஏராளமான பண்ணைகள் இன்றும் நடத்துகின்றன.

கேரளக் கொள்கையிலும் 5 என்ற எண் வருகிறது. ஆனால் அங்கே ஒரு கேரவன் பூங்காவுக்குக் குறைந்தது 5 வண்டிகள் நிறுத்தும் இடமும் குறைந்தது 50 செண்ட் நிலமும் வேண்டும். இங்கிலாந்தில் சிறு விவசாயிக்கு உச்ச வரம்பாக உள்ள எண், இங்கே நுழைவதற்கே கீழ் வரம்பாகிவிட்டது. ஓட்டல் முதலாளிக்கும் தேயிலைத் தோட்ட உரிமையாளருக்கும் இது பொருந்தலாம். இரண்டு ஏக்கர்க்காரருக்குப் பொருந்தாது. தமிழகத்தில் இதற்கான விதிகளில் ஒன்று, இரண்டு வண்டிகள் மட்டும் நிற்கும் பண்ணைகளுக்குத் தனி வழி செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

கடன் விஷயத்தில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். சுற்றுச்சுவர், தளம், கழிப்பறை, மின்இணைப்பு என்று 10 லட்ச ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி நூற்றுக்குப் பத்து என்றால் ஆண்டுக்கு ஒரு லட்சம். ஓர் இரவுக்கு 500 ரூபாய் வாங்கினால், வட்டியை மட்டும் கட்ட ஆண்டுக்கு 200 வண்டிகள் வந்து தங்க வேண்டும். அசல் அப்படியே நிற்கும். பராமரிப்பும் காவல்காரர் சம்பளமும் தனி. அந்த 50 செண்டில் 1.8 மீட்டர் இடைவெளியில் 600 வாழை நிற்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. மேலும் சுற்றுலா என்பது ஒரு வெள்ளம் வந்தால், ஒரு நோய் பரவினால் நின்றுபோகும் தொழில். 2020இல் அதை எல்லோரும் பார்த்தோம்.

கடனில்லாமல், இருக்கும் இடத்தில் ஒன்று அல்லது இரண்டு வண்டிகளுக்கு இடம் தர விரும்புபவர்கள் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

வண்டி நிற்க ஏற்ற இடம் களத்துமேடு. அறுவடைக் காலம் தவிர மற்ற நாட்களில் அது சும்மா கிடக்கிறது, தரையும் இறுகியிருக்கிறது. உழுத நிலத்தில் ஒருபோதும் விடக் கூடாது. மூன்றரை டன் எடை ஈரமண்ணில் இறங்கினால் மேல்மண் மட்டுமல்ல, அடிமண்ணும் இறுகிவிடும். அதைத் தளர்த்த உளிக் கலப்பை போட வேண்டிவரும். கரிசல் மண்ணில் ஒரு மழை பெய்தால் வண்டியை டிராக்டர் வைத்துத்தான் இழுக்க வேண்டும். நிழல் இருக்கிறதென்று தென்னைக்கு அடியில் நிறுத்தச் சொல்பவர்களும் உண்டு. தேங்காயோ மட்டையோ விழுந்தால் வண்டி உடைவதோடு போகாது, ஆள் உயிருக்கே ஆபத்து. புளி, வேம்பு நிழல் பரவாயில்லை. பம்புசெட்டுக்குப் போகும் கம்பி தாழ்வாகத் தொங்குகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பி என்றவுடன் இன்னொன்று. விவசாய இணைப்புக்கு அரசு தரும் இலவச மின்சாரத்தை வேறு எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. வண்டிக்காரர் ஏ.சி. போட வயர் நீட்டினால், அன்பாகவே மறுத்துவிடுங்கள். ஒரு இரவு விருந்தாளிக்காக இணைப்பையே இழக்கும் நிலை வரலாம்.

கழிவு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டியின் கழிவுப் பெட்டியில் நாற்றம் வராமலிருக்க ஒரு திரவத்தை ஊற்றுவார்கள். பெரும்பாலும் நீலநிறமாக இருக்கும். இவற்றுள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு அல்லது புரோனோபால் போன்ற நுண்ணுயிர்க் கொல்லி மருந்து உள்ளது. நுண்ணுயிர்களைக் கொன்று நாற்றத்தைத் தடுப்பதுதான் அதன் வேலை. உங்கள் செப்டிக் டேங்கில் மலத்தை மக்கச் செய்வதும் நுண்ணுயிர்கள்தாம். சாண எரிவாயுக் கலனில் வாயு உண்டாக்குவதும் நுண்ணுயிர்கள்தாம். 'இதுவும் மலம்தானே, எரிவாயுக் கலனில் ஊற்றினால் கூடுதலாக வாயு வருமே' என்று எண்ணிப் பெட்டியைக் கவிழ்த்தால் அதில் வாயு குறைந்துபோகும். அடிக்கடி கொட்டினால் நின்றேபோகும். எருக்குழியிலும் கொட்டக் கூடாது. வாய்க்காலிலோ கிணற்றுக்கு அருகிலோ கொட்டினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே 'இங்கே கழிவு கொட்ட இயலாது' என்பதை வண்டி உள்ளே வரும்போதே சொல்லிவிட வேண்டும். காலையில் சொல்வது காலம் கடந்த பேச்சு.

பாத்திரம் கழுவிய நீர் அவ்வளவு கொடியதல்ல. ஆனால் சோப்புத்தூளில் உள்ள சோடியம் தொடர்ந்து ஒரே இடத்தில் சேர்ந்தால் மண் இறுகும். அதையும் அவர் தம் தொட்டியிலேயே எடுத்துச் செல்வது நல்லது. தவிர்க்க முடியாதபோது, கிணற்றிலிருந்து விலகி, கல்வாழை அல்லது வாழை நட்ட உறிஞ்சுகுழியில் விடலாம். கீரைப் பாத்தியில் வேண்டாம். மாறாக, குடிக்க நல்ல தண்ணீர் ஒரு குடம், இரண்டு குடம் கேட்டால் கொடுங்கள். 100 லிட்டர் தொட்டியை நிரப்புவதா என்பது உங்கள் கிணற்றையும் கோடையையும் பொறுத்தது.

அப்படியானால் வண்டிக்காரர் கழிவை எங்கே கொட்டுவார்? சாக்கடை வசதி உள்ள பேரூராட்சியோ நகராட்சியோ அதற்கு ஓர் இடம் வைக்க வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள கருங்குழி போன்ற ஊர்களில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையங்கள் நம் மாநிலத்தில் இயங்குகின்றன. அவற்றின் வாசலில் ஒரு தளமும் குழாயும் அமைப்பது பெரிய செலவல்ல. ஊராட்சியில் கேட்டு வாங்க வேண்டியது இந்த வசதியைத்தான். கேரவன் பூங்கா என்ற பெயரில் ஏரிப் புறம்போக்கையோ மேய்ச்சல் நிலத்தையோ யாருக்கேனும் குத்தகைக்கு விடும் தீர்மானம் வந்தால், கிராம சபையில் கையைத் தூக்குமுன் நன்றாக யோசியுங்கள். ஆடுமாடுகளுக்கு வேறு இடம் கிடையாது.

என்ன விற்கலாம் என்பது ஊருக்கு ஊர் மாறும். கம்பம், சுருளிப்பட்டிப் பக்கம் குமுளி சாலையில் போகும் கேரளத்தார் ஏற்கெனவே திராட்சைத் தோட்டங்களில் இறங்கிப் பார்த்துப் பழம் வாங்குகிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் பருவத்தில் வந்து குவியும் கூட்டத்தை எல்லோரும் அறிவர். அங்கே படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அதிகம், வாங்கிக்கொண்டு போகிறவர்கள் குறைவு. காரணம், வாங்குவதற்கு ஏதும் வைக்கப்படவில்லை என்பதே. செக்கில் ஆட்டிய எண்ணெய், அடைத்த தேன், காய வைத்த நெல்லிக்காய், நாட்டுக்கோழி முட்டை போன்று வண்டியில் கெடாமல் போகக்கூடியவை ஏற்றவை. விலையை எழுதித் தொங்கவிடுங்கள். மலையாளம் தெரிந்த பிள்ளை வீட்டிலிருந்தால் அதிலும் எழுதச் சொல்லுங்கள். எடையில் சந்தேகம் வர இடம் கொடுக்கக் கூடாது.

வண்டி எண்ணையும் வந்தவர் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வெளிநாட்டினர் தங்கினால் அதை உரிய அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் பொறுப்பு தங்க வைத்தவரைச் சேர்ந்தது. முதல் முறை காவல் நிலையத்தில் கேட்டு முறையைத் தெரிந்துகொள்ளலாம். மருந்து தெளித்த வயலுக்குள் குழந்தைகள் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நகரத்துக் குழந்தைகளுக்கு வயலைக் கண்டால் கால் நிற்காது. தெளிக்கும் நாளிலும் அடுத்த சில நாட்களிலும் வண்டி எதையும் ஏற்காமலிருப்பதே நல்லது. வரப்பில் ஒரு குச்சி நட்டு, மருந்தின் பெயரையும் தெளித்த தேதியையும் எழுதிய அட்டையைக் கட்டிவிடுங்கள். களையெடுக்க வரும் நம் பெண்களுக்கும் அந்த அட்டை உதவும்.